கசியும் எண்ணெயும் மங்கும் விளக்கும்: பழைய மோட்டார் சைக்கிளைப் பேணும் முறை

பேராக் மாநிலத்தின் தோட்டப்புற வாழ்வில் மோட்டார் சைக்கிளுக்குள்ள இடத்தை நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1877 ஆம் ஆண்டு கோலாகங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அங்கு நின்றுகொண்டிருக்கிறது. அந்த மரத்தின் வழிவந்த தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த காலத்தில், லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக் களத்திற்கும், அங்கிருந்து வேலைக்காட்டிற்கும் நடந்தே சென்றனர். வேலையும் வீடும் ஒரே எல்லைக்குள் இருந்தன. பின்னர் பால்மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. வேலை ஈப்போவிற்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தது. வீட்டிற்கும் வேலைக்கும் இடையே விழுந்த இருபது, முப்பது கிலோமீட்டர் தொலைவை இணைக்கும் பாலமாகப் பல குடும்பங்களுக்கு விளங்குவது ஒரு பழைய மோட்டார் சைக்கிளே ஆகும்.

அந்த வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால் ஒரு நாட்கூலி போகிறது. பழுது இன்னதென அறியாமல் பட்டறைக்குக் கொண்டு சென்று, தேவையற்ற பாகங்களை மாற்றினால் ஒரு மாதச் சேமிப்பே கரைகிறது. இவை இரண்டையும் விடக் கொடியது ஒன்றுண்டு. இருண்ட தோட்டச் சாலையில் பின்விளக்கு எரியாத வண்டியை ஓட்டிச் செல்வோரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பழைய மோட்டார் சைக்கிள்களில் அடிக்கடி காணப்படும் குறைகள் இரண்டு. எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிதல் ஒன்று. பேட்டரிக்கு மின்னேற்றம் சரிவர நடைபெறாமை மற்றொன்று. இவ்விரண்டையும் கண்டறியும் முறையை இக்கட்டுரையில் காண்போம். இரண்டிற்கும் பொதுவான விதி ஒன்றே: மூலத்தைக் கண்டறியாமல் எப்பாகத்தையும் வாங்காதீர்கள். செலவில்லாத சோதனையை முதலிலும், செலவு மிகுந்ததைக் கடைசியிலும் செய்யுங்கள்.

நம் பாடத்திற்குரிய வண்டி

நாட்டின் பட்டிதொட்டிகளிலெல்லாம் ‘கப்சாய்’ என அழைக்கப்படும் சிறிய வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958 ஆம் ஆண்டு வெளியிட்ட சூப்பர் கப் என்னும் வண்டியே இவ்வகைக்கு மூலமாகும். ‘கப்’ என்னும் பெயருடன், சிறியது எனப் பொருள்படும் ‘சாய்’ என்னும் சீனச் சொல் சேர்ந்து இப்பெயர் உண்டாயிற்று என்பர். பினாங்கைச் சேர்ந்த தொழிலதிபர் லோ பூன் சியூ 1950களின் இறுதியில் ஹோண்டா வண்டிகளை இந்நாட்டிற்குக் கொணர்ந்தார். 2017 ஆம் ஆண்டில் சூப்பர் கப் வகையின் உலக உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது.

தோட்டப்புறங்களில் பெயர்பெற்ற சி70 வண்டியின் எஞ்சின் 72 சி.சி. கொள்ளளவுடையது. அதன் பழைய வகை 6 வோல்ட் பேட்டரி கொண்டது. பின்னர் வந்த வகைகளும், 1987 முதல் விற்பனைக்கு வந்த இஎக்ஸ்5 வண்டியும் 12 வோல்ட் பேட்டரி கொண்டவை. அளவுகள் மாறினும், சோதிக்கும் வரிசை பெரும்பாலும் ஒன்றே. தங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு குறிக்கப்பட்டிருப்பின் அதையே பின்பற்றுக.

முதற் பாடம்: எண்ணெய்க் கசிவு

சிறு கசிவுதானே எனப் பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். இவ்வண்டியில் அப்படி இருத்தல் தகாது. ஒரே எண்ணெய்தான் பிஸ்டனுக்கும், கேம் தண்டிற்கும், கிளட்சிற்கும், கியர்ப் பற்களுக்கும் உயவிடுகிறது. அதன் மொத்த அளவோ ஒரு லிட்டருக்கும் குறைவு. ஒரு தேநீர்க் கோப்பை அளவு எண்ணெய் போயிற்றென்றால், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போயிற்றென்று பொருள். எண்ணெய் குறைந்த எஞ்சினில் கேம் தண்டு முதலிய பாகங்கள் விரைவில் தேய்ந்து கெடும்.

எனவே முதற் பணி, எண்ணெயின் அளவைப் பார்ப்பதே. வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்துங்கள். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்து, மேலும் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். வலப்புறமுள்ள அளவுகோல் மூடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் துளையில் செருகுங்கள்; ஆனால் திருகி இறுக்காதீர்கள். வெளியே எடுத்துப் பார்க்கையில் எண்ணெய்க்கோடு மேல்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையே இருத்தல் வேண்டும்.

மேல்குறிக்கு மேல் ஊற்றுவதும் தவறே. மிகுதியான எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாகவும் சீல்கள் வழியாகவும் வெளியேற முயலும். புதிய சீல் போட்டும் கசிகிறதே என வருந்துவோர் முதலில் அளவுகோலைப் பார்த்தல் நலம்.

எண்ணெய் குறைகிறது, ஆனால் தரையில் துளிகூட விழவில்லையா? அது கசிவன்று; எரிவு. வண்டி சூடேறிய பின்னும் புகைக்குழாயிலிருந்து நீலநிறப் புகை வருமாயின், பிஸ்டன் வளையமோ வால்வுச் சீலோ தேய்ந்துள்ளது எனக் கொள்ளலாம். விடியற்குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்புகை நீராவியே. அதற்கு அஞ்ச வேண்டா.

கழுவாமல் தேடாதீர்

கசிவின் மூலத்தை அழுக்கேறிய எஞ்சினில் கண்டறிய இயலாது. செம்மண் தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்து எஞ்சின் முழுவதையும் ஒரே கருநிறப் பூச்சாக மூடியிருக்கும். குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயும் பழைய தூரிகையும் கொண்டு தேய்த்து, சவர்க்கார நீரால் கழுவித் துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெயைக் கையாளும்போது அருகில் நெருப்பு இருத்தலாகாது. நீரை மின்பாகங்கள் மீது வேகமாகப் பீய்ச்சுதலும் கூடாது.

எஞ்சின் நன்கு உலர்ந்தபின், ஐயத்திற்குரிய இடங்களில் முகத்திற்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். வண்டியை ஐந்து கிலோமீட்டர் தொலைவு ஓட்டிவந்து நிறுத்துங்கள். வெண்ணிறப் பவுடரில் எண்ணெய் நனைந்த தடம் தெளிவாகத் தெரியும்.

அத்தடத்தைப் படிப்பதற்கும் ஒரு விதி உண்டு. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும் வண்டியின் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே துளி விழும் இடம் கசிவின் மூலமன்று. ஈரமான இடங்களுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் உள்ளதோ அதுவே மூலம். கப்சாய் வண்டியின் சிலிண்டர் முன்னோக்கிப் படுத்த நிலையில் அமைந்திருப்பதால், சிலிண்டர் தலையில் தோன்றும் கசிவு எஞ்சினின் அடிவயிறு முழுவதையும் நனைத்துவிடும். அதைக் கண்டு அடியிலுள்ள வடிகால் போல்டே கசிகிறது என எண்ணி, அதை மேன்மேலும் இறுக்கிப் புரியைக் கெடுத்துக்கொள்வோர் உளர்.

கசியும் இடங்களும் காரணங்களும்

வால்வு மூடிகள்: சிலிண்டர் தலையில் மேலும் கீழும் திருகு மூடிகள் இரண்டு உள்ளன. இவற்றினுள் இருக்கும் ரப்பர் வளையம் வெப்பத்தால் இறுகித் தட்டையாகும்போது கசிவு உண்டாகிறது. இது குறைந்த செலவில் வீட்டிலேயே மாற்றத்தக்க பாகம். கழற்றிய வேளையிலேயே வால்வு இடைவெளியையும் சரிபார்த்துக்கொள்ளலாம். சி70 வண்டிக்குக் குளிர்ந்த நிலையில் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும்.

சிலிண்டர் அடித்தாள்: சிலிண்டரும் எஞ்சின் உடலும் சேரும் கோட்டில் ஈரம் தெரியுமாயின் அங்குள்ள கேஸ்கெட் பழுதுபட்டது எனலாம். இதை மாற்றச் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். ஆதலின் மற்ற இடங்கள் யாவும் உலர்ந்துள்ளன என உறுதிசெய்த பின்னரே இவ்வேலையில் இறங்குக.

வலப்புறம்: உதைகாலின் தண்டு கிளட்ச் மூடியைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. அத்தண்டைச் சுற்றி ஈரம் இருந்தால் சீல் தேய்ந்துள்ளது. மூடியின் ஓரம் முழுவதும் ஈரம் இருந்தால் பழுது கேஸ்கெட்டில் உள்ளது.

இடப்புறம்: கியர் மிதியின் தண்டும், சங்கிலியை இழுக்கும் முன்பற்சக்கரத்தின் தண்டும் இப்பக்கம் வெளிவருகின்றன. இரண்டிற்கும் தனித்தனிச் சீல் உண்டு. சங்கிலிக்கு இட்ட எண்ணெய் சிதறி இவ்விடத்தில் படிவதும் இயல்பு. சிதறிய சங்கிலி எண்ணெய் பசைபோல் ஒட்டும். எஞ்சின் எண்ணெய் நீர்த்து ஓடும். விரலால் தொட்டுப் பார்த்தாலே இரண்டையும் வேறுபடுத்திவிடலாம்.

வடிகால் போல்ட்: இதன் தட்டை வளையத்தை எண்ணெய் மாற்றும்போது புதிதாக இடுதல் நன்று. எஞ்சின் உடல் அலுமினியத்தால் ஆனது; போல்ட்டோ எஃகு. நீண்ட ஸ்பானரைக் கொண்டு பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் அலுமினியப் புரிதான் தோற்கும். குட்டையான ஸ்பானரை ஒரு கையால் பிடித்து இறுக்குதல் போதும்.

சீல் மாற்றுவோர்க்குச் சில சொற்கள்

புதிய சீலின் உதடு எண்ணெய் இருக்கும் உட்பக்கத்தை நோக்கி அமையவேண்டும். பொருத்துமுன் உதட்டில் சிறிது எண்ணெய் தடவுக. தண்டில் துரு ஏறியோ பள்ளம் விழுந்தோ இருந்தால், எத்தனை சீல் மாற்றினும் கசிவு நில்லாது.

கேஸ்கெட் மாற்றும்போது பழைய தாளை இரும்புக் கத்தியால் சுரண்டாதீர்கள். அலுமினியத்தில் விழும் சிறு கீறலும் புதிய கசிவிற்கு வழியாகும். மரச்சில்லால் சுரண்டி எடுப்பதே நன்று. சிலிக்கோன் பசையை மிகுதியாகப் பூசுவதும் தீமையே. வெளியே பிதுங்கிய பசை நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியதோ பெயர்ந்து சென்று எண்ணெய் வடிகட்டும் வலையை அடைத்துவிடும். திருகுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக.

ஒரே நேரத்தில் பல இடங்களில் கசிவு தோன்றுமாயின் சீல்களை மட்டும் குறைகூறல் ஆகாது. எஞ்சினின் மூச்சுக்குழாய் சேற்றினால் அடைபட்டிருக்கலாம். அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எரிவாயு கீழிறங்கி, உள்ளழுத்தம் மிகுந்திருக்கலாம். அவ்வழுத்தம் வலுக்குறைந்த சீல்கள் அனைத்தின் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யக் காசு தேவையில்லை. ஆதலின் அதுவே முதல் வேலை.

இரு பாடங்களும் சந்திக்கும் இடம்

இடப்புற மூடியைக் கழற்றினால் வட்டமான கனத்த சக்கரம் ஒன்றைக் காணலாம். அதுவே மேக்னெட்டோ. சக்கரத்தின் உட்புறத்தில் காந்தங்கள் உள்ளன. அவை சுழலும்போது உள்ளே அசையாமல் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. சுருள்களைத் தாங்கும் தட்டின் பின்னால் எஞ்சின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீலும் ரப்பர் வளையமும் உள்ளன.

இவை தேய்ந்தால் எண்ணெய் மேக்னெட்டோ அறைக்குள் புகுகிறது. பழைய சி70 வண்டியில் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் பாயிண்டும் அச்சக்கரத்தினுள்ளேயே இருக்கிறது. எண்ணெய் படிந்த பாயிண்ட் கருகும், தீப்பொறி நலியும், வண்டி திணறும். இவ்வாறு எண்ணெய்க் குறை ஒன்று மின்குறையாக வேடமிட்டு வரும். பாயிண்டை மட்டும் தேய்த்துச் சுத்தம் செய்தால் சில நாட்களில் பழைய கதையே தொடரும். சீலை மாற்றி, அறையைத் துடைத்து, பாயிண்டின் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் அமைத்தலே முழுத் தீர்வாகும்.

இரண்டாம் பாடம்: மின்னேற்றம்

மேக்னெட்டோவில் பிறக்கும் மின்சாரம் திசை மாறிமாறி ஓடுவது. பேட்டரிக்கோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். இடையே நின்று ஒரு திசை ஓட்டத்தை மட்டும் அனுமதிக்கும் வாயிற்காவலன் போன்றதே ரெக்டிஃபையர் என்னும் பாகம். 12 வோல்ட் வண்டிகளில் இதனுடன் மின்னழுத்தத்தை அளவோடு நிறுத்தும் ரெகுலேட்டரும் சேர்ந்திருக்கும். பழைய 6 வோல்ட் வண்டியில் ரெகுலேட்டர் இல்லை. சுருளின் ஆற்றலும், விளக்கும் பேட்டரியும் இழுக்கும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று ஈடாக அமைக்கப்பட்டிருப்பதே அதன் கட்டுப்பாடு.

இதனால் இரு உண்மைகள் விளங்கும். முதலாவது, 6 வோல்ட் வண்டிக்குக் குறிக்கப்பட்ட வாட் அளவுள்ள விளக்கையே பொருத்தவேண்டும். வாட் குறைந்த விளக்கு விரைவில் கருகும். மிகுந்ததோ மங்கலாக எரியும். இரண்டாவது, பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டுதல் ஆகாது. தாங்கி நிற்கப் பேட்டரி இல்லாதபோது மின்னழுத்தம் ஏறிப் பிற விளக்குகளையும் கருக்கிவிடும்.

பழைய வண்டியில் தீப்பொறிக்குரிய மின்சாரம் மேக்னெட்டோவிலிருந்து நேரே வருகிறது. முன்விளக்கும் எஞ்சின் ஓடும்போது மேக்னெட்டோவாலேயே எரிகிறது. ஹாரன், திசைகாட்டி, பிரேக் விளக்கு, நியூட்ரல் விளக்கு ஆகியவையே பேட்டரியை நம்பியவை. ஆகவே பேட்டரி முற்றும் ஓய்ந்துபோயினும் வண்டி கிளம்பும், ஓடும். இது வசதிபோல் தோன்றினும் இதில் ஆபத்து மறைந்துள்ளது. ஓட்டுநருக்கு வண்டி நலமாகவே தெரியும். ஆனால் அவர் பிரேக் பிடிப்பதைப் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் அறியமாட்டார்.

அறிகுறியைக் கேளுங்கள்

கருவியைக் கையில் எடுக்குமுன், வண்டி தானே கூறுவதைக் கேளுங்கள்.

ஹாரன் நலிந்து, திசைகாட்டி சோர்ந்து மின்னுகிறது. ஆனால் எஞ்சினை முடுக்கினால் முன்விளக்கு நன்கு எரிகிறது. அப்படியாயின் பழுது பேட்டரி, ஃபியூஸ், ரெக்டிஃபையர், மின்னேற்றச் சுருள் ஆகியவை சேர்ந்த பக்கத்தில் உள்ளது.

ஹாரன் நன்கு ஒலிக்கிறது. முன்விளக்கு மட்டும் மங்கலாக உள்ளது. அப்படியாயின் விளக்கு, அதன் சுவிட்ச், விளக்கிற்குரிய சுருள், எர்த் கம்பி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

எல்லாமே விட்டுவிட்டு இயங்கினால், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்துள்ளது. மழையும் ஈரமும் மிகுந்த நம் மாநிலத்தில், பச்சைநிறத் துரு ஏறிய இணைப்புகளே இத்தகைய பல பழுதுகளுக்குக் காரணமாகின்றன. ஹோண்டா வண்டிகளில் பச்சைநிறக் கம்பி எர்த் ஆகும். சிவப்பு, பேட்டரியின் நேர்முனையிலிருந்து வருவது. பச்சைக்கம்பி வண்டியின் உடலோடு சேரும் இடத்தைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள். இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு துண்டு உப்புத்தாள் மட்டுமே.

ஐந்து படிகள்

எளிய மின்னளவி ஒன்று கையிலிருந்தால் எஞ்சிய சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு, மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்வதும் நல்ல யோசனையே.

முதற்படி: பேட்டரியைப் பாருங்கள். நீர் ஊற்றும் வகையாயின் நீர்மட்டம் இரு கோடுகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். குறைந்தால் வாலைவடி நீரை மட்டுமே சேர்க்க. குழாய் நீர், கிணற்று நீர் ஆகியவை தகாதவை. முனைகளில் வெண்பொடி படிந்திருந்தால் சமையல் சோடா கலந்த நீரால் துடைத்து உலர்த்தி, வாசலின் பூசுக. துடைக்கும் நீர் பேட்டரியின் உள்ளே புகாதவாறு காத்துக்கொள்க.

இரண்டாம்படி: ஓய்ந்திருக்கும் பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்திடுக. 6 வோல்ட் பேட்டரி 6.3 வோல்ட்டுக்கு மேலும், 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும் காட்டுமாயின் நன்று. முறையே 6 வோல்ட்டுக்கும் 12.2 வோல்ட்டுக்கும் கீழ் இருப்பின், முதலில் வெளியிலிருந்து மின்னேற்றம் செய்க. மின்னேற்றும் அளவு பேட்டரிக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் போதும். காருக்குரிய பெரிய சார்ஜரை இதில் மாட்டினால் சிறிய பேட்டரி கொதித்துக் கெடும். முழுதும் ஏற்றிய பேட்டரி, கம்பிகள் எதிலும் இணைக்கப்படாத நிலையிலேயே ஓரிரு நாட்களில் தளர்ந்துவிடுமாயின், அதன் ஆயுள் முடிந்தது எனக் கொள்க.

மூன்றாம்படி: எஞ்சினை ஓடவிட்டு அளந்திடுக. நடுத்தர வேகத்தில் முடுக்கும்போது 6 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 7 வோல்ட்டும், 12 வோல்ட் வண்டியில் 13.5 முதல் 15 வோல்ட்டுக்குள்ளும் காட்டவேண்டும். எண் ஏறவே இல்லையாயின் மின்னேற்றம் நடைபெறவில்லை. 12 வோல்ட் வண்டியில் 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகுமாயின் ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். எர்த் இணைப்பையும் பார்க்க. பேட்டரி நீர் விரைவில் வற்றுவதும் இதற்கோர் அறிகுறி.

நான்காம்படி: மின்னேற்றம் இல்லையெனில் வரிசையாகப் பார்க்க. முதலில் ஃபியூஸ், அது எரிந்திருந்தால் அதே அளவுள்ளதை மாற்றுக. வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டுதல் வண்டிக்கே தீ மூட்டுவதற்கு ஒப்பாகும். அடுத்துக் கம்பி இணைப்புகள். அதன்பின் மேக்னெட்டோவிலிருந்து வரும் மின்னேற்றக் கம்பியைக் கழற்றி, மின்னளவியை மாறுதிசை மின்சார அளவில் வைத்து, அக்கம்பிக்கும் எர்த்திற்கும் இடையே அளந்திடுக. எஞ்சினை முடுக்க முடுக்க எண் ஏறினால் சுருள் நலமே. பழுது ரெக்டிஃபையரில் இருத்தல் கூடும். எண் ஏறாவிடில் சுருளோ அதன் கம்பியோ அறுபட்டுள்ளது.

ஐந்தாம்படி: மாலையில் நன்றாக இருந்த பேட்டரி விடியலில் ஓய்ந்துகிடக்கிறதா? சாவியை அணைத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அக்கம்பிக்கும் முனைக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணையுங்கள். பல்ப் எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது. இப்போது ரெக்டிஃபையரின் இணைப்பைப் பிரியுங்கள். பல்ப் அணைந்துவிட்டால் பழுது ரெக்டிஃபையரில்தான். காவலன் உறங்கிவிட்டான், பேட்டரியின் மின்சாரம் வந்த வழியே திரும்பிச் சுருள் வழியாக இரவெல்லாம் வழிந்தோடுகிறது. பல்ப் எரியாதபடி மெல்லிய கசிவும் இருக்கலாம்; அதை அறிய மின்னளவியின் ஆம்பியர் அளவைப் பயன்படுத்துக.

ஓர் எடுத்துக்காட்டு

சுங்கை சிப்புட் பகுதியிலுள்ள முன்னாள் தோட்டமொன்றில் வாழும் ஒருவர் நாள்தோறும் ஈப்போவிற்கு வேலைக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். அவருடைய 6 வோல்ட் வண்டியில் இரு குறைகள்: இடப்புறம் எண்ணெய் சொட்டுகிறது; ஹாரன் ஒலிக்கவில்லை. “புதுப் பேட்டரி போடுங்கள், எஞ்சினையும் பிரித்துப் பார்த்துவிடலாம்” என்று யாரோ சொல்கிறார்கள்.

அவர் நம் வரிசையைப் பின்பற்றுகிறார். எண்ணெயின் அளவைப் பார்த்து நிரப்புகிறார். எஞ்சினைக் கழுவிப் பவுடர் தூவி ஓட்டுகிறார். சிலிண்டர் தலை உலர்ந்தே உள்ளது; கியர் மிதியின் தண்டைச் சுற்றி மட்டும் ஈரம். ஆக, தேவை ஒரு சிறு சீல். ஹாரனைப் பொறுத்தவரை, முன்விளக்கு நன்கு எரிவதால் பழுது பேட்டரிப் பக்கத்தில் என உணர்கிறார். பேட்டரியை மின்னேற்றி மாட்டுகிறார், ஹாரன் ஒலிக்கிறது. ஆனால் எஞ்சின் ஓடும்போது எண் ஏறவில்லை. ஃபியூஸ் சரி. மின்னேற்றக் கம்பியின் இணைப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைத் துரு. தேய்த்து மாட்டியவுடன் எண் 7ஐ நெருங்குகிறது.

அவர் வாங்கியது ஒரு சீல் மட்டுமே. பேட்டரியும் மாறவில்லை, எஞ்சினும் பிரிக்கப்படவில்லை. எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடும் என நாம் கூறவில்லை. சுருள் எரிந்திருந்தாலும் பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தாலும் தேர்ந்த பட்டறைக்காரரின் உதவி வேண்டும். அப்போதும், “எண்ணெய் இன்ன இடத்தில் கசிகிறது, மின்னழுத்தம் இவ்வளவுதான் ஏறுகிறது” எனத் தெளிவாகச் சொல்பவரின் வேலை விரைவில் முடியும். செலவும் கட்டுக்குள் நிற்கும்.

விளக்கு நம் உயிர்க்காப்பு

நம் நாட்டில் 1992 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிடவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. சிரம்பான், ஷா ஆலம் வட்டாரங்களில் அதன் பயன் ஆராயப்பட்டது. பிறர் கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தன என அவ்வாய்வு கண்டது. வெயில் காயும் பகலிலேயே விளக்கு இத்துணை உதவுமாயின், மழை இருட்டிலும் விடியற்காலைப் பனிமூட்டத்திலும் அதன் பயனைச் சொல்லவும் வேண்டுமோ? மங்கிய விளக்கோடு நாளைக் கடத்துவது சிக்கனமாகாது.

கைக்கும் மண்ணுக்கும் காப்பு

பேட்டரியினுள் இருப்பது அமிலம். மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் வாயுவும் வெளிப்படும். அதனருகே சிகரெட்டோ விளக்குச் சுடரோ கூடாது. அமிலம் கண்ணில் தெறித்தால் ஓடும் நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க. பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் இணைத்தால் தீப்பொறி அபாயம் குறையும்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். அது கால்வாய் வழியே கிந்தா ஆற்றையும் பேராக் ஆற்றையும் சென்றடையும். 2005 ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பழைய எஞ்சின் எண்ணெயும் ஈயப் பேட்டரியும் இடம்பெற்றுள்ளன. மூடியுள்ள கலனில் சேர்த்து, அவற்றை ஏற்கும் பட்டறையிடம் ஒப்படைத்தல் நம் கடமை.

நினைவிற்கொள்ள ஒரு கால அட்டவணை

வாரந்தோறும்: எண்ணெய் அளவு பார்த்தல், முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, திசைகாட்டி, ஹாரன் ஆகிய ஐந்தையும் சோதித்தல். வீட்டுச் சிறுவர் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பிரேக் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாதந்தோறும்: பேட்டரியின் நீர்மட்டமும் முனைகளும், எஞ்சினின் அடியில் புதிய ஈரம் உளதா எனப் பார்த்தல்.

2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது கையேடு கூறும் இடைவெளியில்: எண்ணெய் மாற்றுதல். ஈர கிளட்சிற்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் எண்ணெயையே வாங்குக. கார்களுக்கென உராய்வைக் குறைத்துச் செய்யப்படும் சிலவகை எண்ணெய் கிளட்சை வழுக்கச் செய்யும்.

மழைக்காலம் தொடங்குமுன்: மின் இணைப்புகள் அனைத்தையும் பிரித்துத் தேய்த்து மாட்டுதல், மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்தல்.

இவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வாருங்கள். எண்ணெய் எத்தனை நாட்களில் எவ்வளவு குறைந்தது, பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது என்னும் குறிப்புகள், கோளாறு வளர்ந்து பெரிதாகுமுன்பே அதைக் காட்டிக்கொடுக்கும். இப்பழக்கத்தை இல்லத்தின் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் கற்றுக்கொடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம் ஒதுக்கி, முதல் வேலையாக அளவுகோலை எடுத்துப் பாருங்கள்.